பதினொன்றேகால்

இருபது கேள்வி. இருபதும் சரியாக இருக்க வேண்டும்.
பத்தொன்பது என்பது இங்கே மதிப்பெண் இல்லை.
கால்குலேட்டர் கூடாது. செல்போன் பிளாஸ்டிக் கூடையில்.
மின்விசிறி மட்டும் எங்கள் தாள்களைப்
புரட்டிப் பார்க்கலாம்.

பதினான்காவது கேள்வியில் ஒரு பையன் படுத்திருந்தான்.
வயது ஏழு, எடை பதினெட்டு கிலோ, காய்ச்சல்.
கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்;
ஐந்து மில்லியில் நூற்றிருபது கரைந்த சிரப்.
பெருக்கினேன், வகுத்தேன், எல்லாம் சரி,
புள்ளியை மட்டும் ஓர் இடம் தள்ளி வைத்தேன்.
11.25 போக வேண்டிய வாய்க்குள்
112.5 போனது.

"கொன்னுட்டே" என்றார் சலோமி மேடம்
சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டே.
இரண்டாம் முறையும் போச்சு.

அந்த பாட்டிலே அறுபது மில்லிதான் மேடம்,
ரெண்டாவதைத் திறக்கும்போதே
கை நின்னிருக்கும்.

"ராத்திரி மூணு மணிக்கு நிக்காது."

அவருக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

விடுதியில் பெனாசிர் சொன்னாள்:
தமிழ்ல எழுதியிருந்தா பொழைச்சிருப்பான்டி,
பதினொன்றேகால்,
தள்ளி வைக்க அதுல புள்ளியே கிடையாது.
சிரித்துவிட்டு எழுதிப் பார்த்தேன்.
ன் மேல் ஒன்று, ல் மேல் ஒன்று.
இரண்டும் உயிரை எடுத்துவிட்டுத்தான்
உட்கார்ந்திருந்தன.

தேறும்வரை மருந்தைத் தொடக் கூடாது.
ராயபுரத்தில் பெண்கள் வார்டு, இரவுப் பணி:
போர்வை, தெர்மாமீட்டர், சிறுநீர்ப் பை.
ஒன்பதாம் கட்டிலில் தேசம்மா,
கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.
புருஷன் கன்னியப்பன் உட்காரவே இல்லை.
ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது, அதுவும் விதி.
வீட்டில் பிள்ளைகள் தனியாக.
"இது எப்பம்மா முடியும்? முடிஞ்சதைப் பாத்துட்டு
கடைசி மீஞ்சூர் வண்டியைப் புடிச்சுடுவேன்."

பாட்டிலில் இருநூறு மில்லி.
மில்லிக்கு இருபது சொட்டு.
கைக்கடிகாரத்தோடு எண்ணினேன், நிமிடத்துக்கு நாற்பது.
நாலாயிரம் சொட்டு, நூறு நிமிடம்.
அப்போது மணி ஒன்பது இருபத்தைந்து.
"பதினொண்ணு அஞ்சு" என்றேன்.
டாக்டர் சொன்னதைப் போல நம்பினார்.

பதினொன்று ஐந்துக்கு பாட்டிலில் இன்னும் இருந்தது.
தூக்கத்தில் தேசம்மா கையை மடக்கியிருக்கிறாள்,
சொட்டு தயங்கியிருக்கிறது.
இருபது கேள்வியிலும் எவருக்கும்
முழங்கை கிடையாது.
நீட்டிப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன்.
அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சொட்டுக்கு மணி பதினொன்றேகால்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படியிறங்கி ஓடினார்.
வண்டி கிடைத்ததா, தெரியாது.

வியாழக்கிழமை மூன்றாம் முறை.
பையனின் எடை மாறியிருக்கும்,
காய்ச்சல் அதேதான்.
சலோமி மேடத்திடம் ஒன்று கேட்க வேண்டும்,
அந்த மூணு மணி
எந்த வருஷத்து மூணு மணி என்று.
தேறிய பிறகு கேட்கிறேன்.