நீலத் தகடு

ஒரு வயலுக்கு மூன்று செப்புத் தகடுகள்.
மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று,
கோடுகளையெல்லாம் சுமக்கிற நீலம் கடைசி.
பச்சைக்கென்று தனித் தகடு கிடையாது.
மஞ்சளும் நீலமும் ஈரத் தாளில் சந்தித்து
தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தீரவில்லை.
முதல் படி பாசி பிடித்த வாளி.
நான்காவது ராணுவ லாரி.
பதினொன்றாவதை அடுப்பில் போட்டேன்.

ஃப்ரீஸ்லாந்தில் ஏப்ரல்
கடலணைக்குக் கீழே, இடது மூலையில்,
ஒரு ஈரக் கோட்டில் தொடங்கும்.
ஜன்னல் வழியே அதைப் பார்த்தபடியே
மையைத் துடைப்பேன்.
முதலில் வலைத்துணி, பிறகு உள்ளங்கை.
வானத்தை அழுந்தத் துடைக்க வேண்டும்.
வாய்க்காலில் கொஞ்சம் அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

வயல்காரர் சீட்சே ஹூக்ஸ்ட்ரா
ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக்
காலுறையோடு வந்து நின்றார்.
கொடியில் காய்ந்த முப்பது வயல்களையும் பார்த்தார்.
"கொட்டகை தப்பான பக்கம் நிற்கிறது."
அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்றேன்.
"அப்போ சூரியன் மேற்கில் உதிக்குது."
ஆமாம், என்ன செய்வது.

மேசையில் கிடந்த நீலத் தகட்டை எடுத்து
வெளிச்சத்தில் சாய்த்தார்.
கோட்டுப்பள்ளங்களில் என் ஊசி போன தடம்.
"இது சரியா இருக்கு" என்றார்.
"இதைக் கொடுங்க."

முப்பது படி முடிந்த தகட்டை
இனி யாரும் அச்சிடாதபடி
மூலைக்கு மூலை கீறிவிடுவது வழக்கம்.
கீறினேன்.
அவர் முகம் சுளித்தார், நிலத்தைக் கீறியதுபோல.
விலைக்கு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு.

மறு வருடம் முட்டை வாங்கப் போனேன்.
தொழுவத்தில், பால் கறக்கும் இயந்திரத்தின்
சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.
நாற்பது மாடுகளின் மூச்சும்
மூத்திர ஆவியும் குளிர்காலம் முழுக்க
அதன்மேல் வேலை பார்த்திருந்தன.
என் அமிலத் தொட்டியைவிடப் பொறுமையாக.

இடது மூலையில் தொடங்கியிருந்தது.
அணைக்குக் கீழே, அதே ஈரக் கோட்டில்.
அங்கிருந்து பரவி,
கொட்டகையைச் சுற்றிக்கொண்டு,
என் கீறல் முழுக்க நிரம்பி,
வானத்தை மட்டும் இன்னும் தொடவில்லை.

எந்த டப்பாவிலும் இல்லாத பச்சை.

நான் வாய் பேசாமல் நிற்பதைப் பார்த்து
சீட்சேவுக்குச் சங்கடமாகிவிட்டது.
பையிலிருந்து கந்தலை உருவினார்.
"கவனிக்காம விட்டுட்டேன்.
இருங்க, துடைச்சிடறேன்."

இருபத்தாறு வருடம் தகடு துடைத்த கை
எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தது.
பின்னால் ஒரு மாடு
வாளியை உதைத்துத் தள்ளியது.