நாகமரைத் துறை, மூன்றரை மணி

பரிசலுக்கு முன்பக்கம் கிடையாது, பின்பக்கமும் கிடையாது.
ஆனாலும் கெம்பம்மாள் எனக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்,
முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு.

மூன்று செவ்வாய் அவள் வீட்டுக் கதவில் பூட்டு.
இது நான்காவது.
குழுக்கடன் வசூலுக்கு நான் அக்கரைக்கும் போவேன் என்று அவளுக்குத் தெரியாது.
என்னிடமிருந்து தப்ப அவள் அக்கரைக்குத்தான் போவாள் என்று எனக்கும்.
நடுவில் ஒரு வெள்ளாடு,
ஒரு சிமெண்ட் மூட்டை,
காதில் ஒயரோடு ஏரியூர்ப் பையன் ஒருவன்.

துடுப்பு சின்னப்பையனிடம்.
அறுபது வயது. பெயர் அப்படி.

"பாலமலைப் பக்கம் கறுக்குதுங்க" என்றார்.
பார்த்தேன். மலை இருந்தது.
பையின் ஜிப்பைச் சரிபார்த்துவிட்டு
மறுபடி பார்த்தேன். மலை இல்லை.

காற்று முதலில் தண்ணீருக்கு வரவில்லை,
ஆட்டின் காதுக்கு வந்தது.
ஆடு எழுந்து நின்றது.
அப்புறம்தான் தண்ணீர் எழுந்து நின்றது.

சுற்றினோம்.
கரை, கரை, கரை, எது நாகமரை, எது பண்ணவாடி,
பம்பரத்துக்குள் உட்கார்ந்தவனுக்குத் திசை ஏது.
எத்தனை சுற்று சுற்றியும்
அவள் முதுகு என்னைவிட்டு ஒரு சாண் விலகவில்லை.
பரிசல் சுற்றினால் எல்லோரும் சேர்ந்துதான் சுற்றுகிறோம்.

"நடுவுக்கு வாங்க! முட்டியோட முட்டி!
அந்த மூட்டையைத் தள்ளு!"
பையன் தள்ளினான். சிமெண்ட் போனது,
யாரோ ஒருவர் வீட்டின் கால் சுவர்.
அடியில் எங்கோ பழைய கோயில் நந்தி உட்கார்ந்திருக்கும்.
அதற்கு நனைவது பழக்கம்.
எனக்கு நீச்சல் தெரியாது.
வேலைக்குச் சேரும்போது கேட்ட பதினெட்டுக் கேள்வியில்
அது இல்லை.

ஆலங்கட்டி.
கணுக்காலுக்குத் தண்ணீர்.
அப்போது கெம்பம்மாள் திரும்பினாள்.
என்னைப் பார்க்க அல்ல.
தூக்குப்போசியைத் திறந்து
அதிலிருந்த கேழ்வரகுக் களியை ஆற்றில் உருட்டிவிட்டு
மொண்டாள், ஊற்றினாள், மொண்டாள்.
மூடியை என் மடியில் எறிந்தாள்.
"அந்தப் பையைக் கட்டிப் புடிச்சது போதும், மொள்ளுங்க சார்!"

ஒரு மூடிக்கு எவ்வளவு பிடிக்கும்?
அரை டம்ளர்.
அரை டம்ளர் அரை டம்ளராக
மேட்டூர் அணையை நான் வெளியே ஊற்றினேன்.
அவள் முழங்கை என் தாடையில் இரண்டு முறை இடித்தது.
மன்னிப்புக் கேட்க யாருக்கும் நேரமில்லை.
பையன் அம்மா என்றான், பிறகு மாதேசா என்றான்,
பிறகு மறுபடி அம்மா.
சின்னப்பையன் மட்டும் ஒரே கெட்ட வார்த்தையைத்
துடுப்புக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.
அதன் தாளத்தில்தான் நாங்கள் மொண்டோம்.

எப்போது நின்றது என்று தெரியவில்லை.
சேறு தட்டியது. ஆடு முதலில் இறங்கியது.
துறை மேட்டில் வெயில்,
எதுவும் நடக்காத முகத்தோடு.

கரை நாகமரைதான். கிளம்பிய இடமே.
இருந்தாலும் ஆளுக்கு இருபது கேட்டார் சின்னப்பையன்.
என் சட்டைப்பை நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழ்.
கம்பெனிப் பணத்தில் கை வைக்க முடியாது.
டேப்லெட்டைத் தட்டினேன். கறுப்பு.
அது உயிரோடு இருந்தால் காரணம் கேட்கும்:
வீடு பூட்டு. மறுப்பு. வெளியூர். இறப்பு.
நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும்.

கெம்பம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.
உள்ளே பால் பாக்கெட் கவர், இரண்டு சுற்று.
அதற்குள் நனையாத நோட்டுகள்,
கணிசமாகவே.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
தலையிலிருந்து சொட்டியபடி இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்தோம்.

நாற்பதை எண்ணிச் சின்னப்பையன் கையில் வைத்தாள்.
போசியைக் கவிழ்த்து உதறினாள். மூடிக்குக் கை நீட்டினாள்.
அது இன்னும் என் கையில்தான் இருந்தது.

மேடேறும்போது திரும்பாமலே சொன்னாள்:
"உங்க இருபதைத் தவணையில கழிச்சுக்கோங்க சார்."