மூன்று விநாடி

பாலாற்றில் தண்ணீர் இல்லையென்று
வேலூரைக் கேலி செய்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கலாம்.
பாலத்துக்கு மேற்கே, லாரிகள் தோண்டிய குழிகளைத் தாண்டி
நாற்பதடி நீளத்துக்கு இறுகிய மணல் இருக்கிறது.
எபனேசரின் கார் அங்கேதான் ஓடுகிறது.
ஓடுகிறது என்பது அவர் சொல்.
நான் பார்த்தவரை சுற்றுகிறது.

பின்சக்கரம் மட்டும் தள்ளும் வண்டி.
விசையை அழுத்தினால்
வாலுக்கு முன்னால் வர ஆசை வந்துவிடும்.
அதற்குத்தான் இந்த ஜைரோ.
பாதித் தீப்பெட்டி அளவு.
கொரியரில் வர பதினோரு நாள்.
விலை என்னிடம் சொல்லப்படவில்லை.

பாகாயம் வீட்டில் இட்லித் தட்டை நகர்த்திவிட்டு
சாப்பாட்டு மேசையிலேயே வைத்து ஒட்டினார்.
இரட்டைப்பக்க டேப். சமமாக. நட்டநடுவில்.
ரிசீவரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள்,
அதிலிருந்து ஒரு ஒயர் சர்வோவுக்கு.
சுவிட்சைப் போட்டதும் மூன்று விநாடி
வண்டியை யாரும் தொடக்கூடாது.
அசையாமை என்றால் என்ன என்று
அப்போதுதான் அது தெரிந்துகொள்ளுமாம்.
சிவப்பு மினுங்கியது.
அவர் மூச்சையும் பிடித்துக்கொண்டார்.
உறுமிய பிரிட்ஜை முறைத்தார்.
பச்சை.

ஆற்றில் இறக்கியதும்
முன்னைவிட வேகமாகச் சுற்றியது.
கெயின் பற்றவில்லை என்று திருகாணியை ஏற்றினார்.
இன்னும் சுற்றியது.
இன்னும் ஏற்றினார்.
ராட்டினத்துக்குக் காசு கொடுத்த மாதிரி
சுற்றிச் சுற்றி மணலை எங்கள் மேலேயே வாரி அடித்தது.

பிப்ரவரியில் காட்பாடி மேம்பாலத்தில்
இவரும் இப்படித்தான்.
பைக் நேராகத்தான் போனது, பாலம்தான் சுற்றியது என்று
இன்றுவரை சாதிக்கிறார்.
காதுக்குள் சுண்ணாம்புத் துகள்
இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா.
கண்ணுக்கே தெரியாத துகளாம்.
எழுபத்தெட்டு கிலோ ஆளைச் சாய்த்துவிட்டது.
அன்றிலிருந்து பைக் சாவி என் கைப்பையில்.
இரவு கட்டிலில் உட்காரவைத்து
அவர் தலையை இரண்டு கையிலும் ஏந்தி
வலப்பக்கம் திருப்பி, சாய்த்து, அரை நிமிஷம்.
இடப்பக்கம், அரை நிமிஷம்.
கண்மணிகள் துள்ளி அடங்கும்வரை எண்ணுவேன்.

இங்கே கொடுங்கள் என்று காரை வாங்கினேன்.
அதே பிடி. கைகளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.
ரிமோட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு
மூக்கை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன்.
முன்சக்கரங்கள் வலப்பக்கம் மறுக்க வேண்டும்.
அவையும் இடப்பக்கமே திரும்பின,
ஆமாங்க ஆமாங்க என்று.
விழுகிறவனைப் பிடிக்காமல்
கூடவே சேர்ந்து விழுகிற விசுவாசம்.

ஜைரோவின் ஓரத்தில் எள்ளளவு சுவிட்ச் ஒன்று.
ஹேர்பின்னால் தள்ளினேன்.
இப்போது இடப்பக்கம் திருப்பினால் வலம்,
வலப்பக்கம் திருப்பினால் இடம்.
எபனேசர் என்னைப் பார்க்காமல்
மேலே போன ரயிலைப் பார்த்தார்.

ஏற்றியதையெல்லாம் இறக்க வேண்டியிருந்தது.
திருத்தம் மிஞ்சினால் அதுவும் நோய்தான்:
நேர்ப்பாதையிலேயே
குளிர்காய்ச்சல் வந்ததுபோல் மூக்கு வெடவெடத்தது.
கொஞ்சம் குறை, ஓட்டு, கொஞ்சம் குறை.
ஐந்தே முக்காலுக்கு
பாதிக்குக் கீழே ஒரு கோட்டில் நின்றது நடுக்கம்.
வால் விலகப் பார்த்தது, மூக்கு மறுத்தது,
கார் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது
இறுகிய மணலையும் தாண்டி, குழிகளுக்கும் அப்பால்,
பேட்டரி தீரும்வரை.

எடுத்து வருகிறேன் என்று நடந்தார்.
நான் போகிறேன் என்பதற்குள் பத்தடி போய்விட்டார்.
கைகளைக் கொஞ்சம் அகட்டி,
குழியின் விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்து.
ரிமோட் என்னிடம்.
அதற்கு இப்போது எந்த வண்டியும் இல்லை.
அவர் இடப்பக்கம் சாயும்போதெல்லாம்
என் விரல் அந்தச் சின்னச் சக்கரத்தை
வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்ததை
அவர் திரும்பி வந்து கேட்டபிறகுதான் கவனித்தேன்.