எச்சவும்மை

லீட்ஸ். தொண்ணூற்றொன்று, பிப்ரவரி.
மருத்துவ நூலகத்தின் நிலவறையில்
ஆளுக்கு அரை மணி நேரம்.
பதிவேட்டில் பெயரெழுதப் போனேன், பேனா நழுவியது.
வலக்கையின் மூன்று விரல்கள்
நவம்பரிலிருந்து என் பேச்சில் இல்லை.
குளிர்தான், கையுறை போடுங்கள் என்றார் டாக்டர் க்ராக்ஸல்.
அந்த மாத்திரைக்கு அப்படியொரு விளைவு
எங்கும் பதிவாகவில்லையாம்.

ஹெபிள்த்வெயிட் தட்டைத் தொடுவதேயில்லை.
பிளாஸ்டிக் உறையோடு எடுத்து
உறையோடு உள்ளே தள்ளுகிறார்.
ஏதோ ஒன்று விழித்து, சுழன்று,
ஒரே சுருதியில் நிற்கிறது.
ஆண்டுக்கொரு தட்டு, பின்னோக்கிப் போங்கள் என்றார்.

மாத்திரையின் பெயருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.
விரலுக்கு அதைவிட அதிகம்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் 'ஆண்ட்' போடச் சொன்னார்.

அது நடுவில் நிற்கிறது, வேலிக்கம்பம்போல,
எந்தப் பக்கமும் சாயாமல்.
நம் 'உம்' அப்படியா?
மாத்திரையும் விரலும் என்றால்
இரண்டின் வாலையும் பிடித்துக்கொள்ளும்.
உம்மை எட்டு வகை.
ஐந்துக்குமேல் சொல்லத் தெரியாமல்
வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன்.
எண்ணும்மை ஒன்றுதான் இந்தப் பெட்டிக்குத் தெரியும்.
கொற்றனும் வந்தான் என்றால்
முன்னமே யாரோ வந்தாயிற்று என்பது
இதற்குப் புரியாது.

தொண்ணூறு செப்டம்பரோடு முடிகிறது.
என் நவம்பர் இன்னும் அச்சாகவில்லை.
எண்பத்தொன்பது: பூஜ்யம்.
விரல் அல்லது கை அல்லது நரம்பு: பூஜ்யம்.
சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரம் வையுங்கள்,
எல்லா வாலும் வரும் என்றார்.
(தமிழில் வாலை வெட்டினால்
யார் யாரை அடித்தார் என்பதே போய்விடும்.)
வைத்தேன்.
எண்பத்தெட்டு. எண்பத்தேழு.
ஒவ்வொரு முறையும் அவரே எழுந்து வந்து
உறையை மாற்றினார். முழங்கால் சொடுக்கியது.
குடையோடு ஒரு மாணவன்
என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

எண்பத்தாறு: ஒன்று.

தலைப்பு சதுர அடைப்புக்குள், பெயர்த்ததென்பதால்.
மொழி நார்வீஜியன். வகை கடிதம். சுருக்கம் இல்லை.
அடியில் மூன்று சொற்கள்:
மனிதர். பெண். வயதுவந்தவர்.
அப்புறம் என்ன ஆனாள் என்பது
தட்டில் இல்லை.

பிரிண்டர் பல்லைக் கடித்துக் கடித்து
அரைப் பக்கம் துப்பியது.
கடிதத்தை வரவழைக்க ஒரு படிவம்.
எதற்காக வேண்டும்? ஆராய்ச்சி, படிப்பு, பிற.
பிற என்பதற்கெதிரே இருந்த கோட்டில்
எனக்கும் என்று எழுதினேன், தமிழில்,
கோணலாக.

ஆசிரியர் பெயரா? என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
மூன்று வாரம் ஆகும் என்று முத்திரை குத்தினார்.
நார்வீஜியன் வாசிப்பீர்களா?
அதற்கும் இல்லை.

வெளியே முழங்கால் வரை பனி.
பேருந்து வரும்வரை
வலக்கையில்தான் அந்தத் தாள்.
இருக்கிறதா என்று
பார்த்துப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.