பதினேழாம் இலக்க முளை

ஒடில் ருஷொனேயின் நிலவறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.
ஏரி அல்ல, மேலே உடைந்த குழாய்.
பீப்பாய்கள் கிடக்கட்டும், முதலில் அந்தப் பெட்டி, என்றாள்.
நானும் போர்த்துக்கேயன் ஆர்லிந்துவும்
ஆளுக்கொரு பிடியாய்த் தூக்கிவந்து
திராட்சை பிழியும் மேடையில் வைத்தோம்.
சென்-சஃபோரின் முழுக்கப் புளித்த வாசம்.
அறுவடை முடிந்து நாலாம் நாள்.

பெட்டிக்குள் அப்ராமின் கடிதங்கள்.
அவளுக்கு ஆறு தலைமுறை முந்தியவன்.
வெவேயிலிருந்து கொடித்தடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு
கடல் தாண்டிப் போய்
ஒஹையோ ஆற்றங்கரையில் காணி வாங்கியவன்.
யாரிடம் வாங்கினான் என்று எழுதியிருக்கிறான்:
அரசாங்கத்திடம், ஏக்கர் இரண்டு டாலர், தவணையில்.
அரசாங்கம் யாரிடம் வாங்கியது என்று
இல்லை.

மாரியில் ஊர் மண்டபத்தில் கண்காட்சி,
"போனவர்கள்" என்று தலைப்பு. ஒடில்தான் பொறுப்பு.
தாள்கள் உலர உலரச் சத்தமாய் வாசித்தாள்.
"இன்று ஷாவ்னிகளின் தலைவன் வந்தான், அந்த..."
அடுத்த சொல்லில் குரல் தாழ்ந்தது.
காட்டுமிராண்டி என்று இருந்தது.
எனக்கு விளங்காது என்று நினைத்திருக்கலாம்.
பத்தொன்பது வருடமாகிறது, விளங்கும்.

தலைவரின் பெயரை அப்ராம் மூன்று விதமாய் எழுதியிருக்கிறான்.
மூன்றும் பிழை என்பது மட்டும் தெரிகிறது,
வதிவிட அட்டையில் என் தகப்பன் பெயர்
பாதியில் வெட்டுப்பட்டுக் கிடப்பதுபோல.

வந்தவர் கையில் துப்பாக்கி இல்லை.
கூட எட்டுப் பேர், ஒரு மட்டக்குதிரை.
குதிரையின் முதுகில் விறகுக்கட்டுப் போல
நில அளவைக்காரன் அடித்துவிட்டுப் போன முளைகள்,
ஓடையிலிருந்து மேட்டுக்காடு வரை நாற்பத்தொன்று,
ஒன்றும் முறியாமல்.
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒட்டியிருந்த மண்ணை
விரலால் வழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.
அப்ராமின் வாசலில் இலக்க வரிசையில் அடுக்கினார்.
பதினேழும் பதினெட்டும் மாறிக் கிடந்ததைக் கண்டு
திரும்பக் குனிந்து சரிசெய்தார்.
மொழிபெயர்க்க வந்த பையன் சொன்னது இவ்வளவே:
"எங்கள் மண்ணில் தவறவிட்டுப் போய்விட்டீர்கள்.
எண்ணிப் பாருங்கள்."

அப்ராம் சிரித்தானாம். அடுப்புக்கு நல்ல விறகு என்கிறான்.
அடுத்த கடிதத்தில் தூக்கமில்லை.
அதற்கடுத்ததில் சிப்பாய்கள் வருகிறார்கள்.
அதற்குப் பிறகு திராட்சை மட்டும்:
பழம் சிறுத்தது, பனி முந்திவிட்டது, விலை பரவாயில்லை.

பெட்டியின் அடியில் ஒடிலின் கை எதையோ தட்டியது.
முழ நீளம். ஒரு முனை கூர்.
பக்கத்தில் கத்தியால் கீறிய பதினேழு.
எரிக்காமல் ஒன்றை, வேடிக்கைக்கு,
வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

நாங்கள் வேலிக்கு நடுவது கதியால்.
பூவரசு, கிளுவை. ஒரு மழை போதும், துளிர்க்கும்,
வேலியே மரமாகும்.
இது வேறு சாதி.
வெள்ளை அடித்து, சிவப்பில் எண் போட்டு
மணலாற்றில் எங்கள் வயலுக்குள்
ஒரு காலை நின்றதும் இந்தச் சாதிதான்.
அய்யா பிடுங்கவில்லை.
முளைக்கு நோகாமல் சுற்றி உழுதார், இரண்டு போகம்.
பிறகு ஜீப்பில் ஒலிபெருக்கி,
இருபத்துநாலு மணித்தியாலம்.

ஒரேயொரு ற் தான் இடையில்:
நான் இங்கே குடியேறினேன்,
அப்ராமை அங்கே குடியேற்றினார்கள்.
பெயர் பிழைத்துப்போன அந்த மனிதருக்கு நடந்தது
எங்கள் பேச்சில் குடியெழுப்பல்.
ஒடிலுக்குச் சொல்லப் பார்த்தேன்.
பிரெஞ்சில் வந்தது வெறும் மூச்சு.

அவள் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள்:
"ஒஹையோவிலிருந்து ஒரு நினைவுப்பொருள்."
யாருடைய நினைவு, என்று கேட்டேன்.
பேனாவை மூடினாள். திறந்தாள்.
ஆர்லிந்து பம்பைப் போட்டான்,
அந்த இரைச்சலில் அவள் சொன்னது கேட்கவில்லை.

மறுநாள் மேல் அடுக்கில்
உக்கிப்போன கொடித்தாங்கிகளைக் களைகிற வேலை.
ஆட்டி, இழுத்து, எடுத்துப் போட்டேன்.
அறுபது தாண்டித்தான் கவனித்தேன்,
நுனியில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்து
எடுத்த குழிக்குள்ளேயே விட்டுக்கொண்டிருக்கிறேன்.
என் மண் அல்ல.
கீழே ஏரி. மணி இன்னும் பத்தாகவில்லை.