மேசையின் இந்தப் பக்கம்

ஏற்காட்டு மாதா கோயில் சுவரில்
கடைசி இராவுணவுக்கு மறுபடி வர்ணம் அடிக்க
என்னையும் கூட்டிப்போனான் எஸ்தாக்கி.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிறவன் நான்,
தூரிகை பிடித்ததில்லை.
"முப்பது வெள்ளிக்காசு போட்டால் பை எப்படித் தொங்கும்?
அதை மட்டும் சொல்."

நானூறு கிராம் இருக்கும் என்றேன்.
நாலு ஜோடிக் கொலுசு.
சேதாரம் கழித்தால் அதுகூட வராது.

ஆண்டவரும் பதினோரு பேரும் அந்தப் பக்கம்.
யூதாஸ் மட்டும் இந்தப் பக்கம்,
மஞ்சள் அங்கி, ஒளிவட்டம் இல்லாத தலை.
பாதி திரும்பிய முகத்தில்
கண் இருந்த இடம் காரை பெயர்ந்து குழி.
பெரிய வியாழன் பூசை முடிந்து போகிறவர்கள்
சாவியால் சுரண்டிவிடுகிறார்கள்.
"ஒன்பது தடவை கண் வைத்துவிட்டேன்"
என்றபடி பஜ்ஜி வாங்கப் போனான்.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது.
முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
எனக்கும் அவனுக்கும் நடுவில் மேசை இல்லை.
எல்லாப் பெஞ்சுகளும்
அவன் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

செங்கோடன் தலைமுடிக்குள் வெள்ளித்தூள் கொண்டுபோகிறான் என்று
முதலாளியிடம் சொன்னது நான்.
சொல்லிவிட்டு வந்து அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னேன்,
அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

மறுமாதம் பட்டறைச் சாவி என் கைக்கு வந்தது.

உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறது.
எஸ்தாக்கி வந்து நிற்கிறான், எண்ணெய்க் கையோடு.
கண்ணுக்கு என்ன நிறம் வைக்கலாம் என்கிறான்.