கால் திருப்பு

ரூசே நகரில், டான்யூபுக்கு முதுகு காட்டி நிற்கும்
எட்டு மாடிக் கட்டடம். ஐந்தில் நான். நான்கில் வெனெலின்.
பதினொரு வருடமாக எங்களுக்குள் பேச்சு
லிஃப்டுக்குள் ஒரு தலையசைப்பு,
அதுவும் லிஃப்ட் ஓடிய நாட்களில்.

வியாழன் இரவு கதவைத் தட்டிக்
கைபேசியை நீட்டினார்.
அவர் குளியலறைக் கூரையில் ஒரு கறை,
டிகாக்‌ஷன் நிறம், ஓரம் மட்டும் அடர்ந்து.
“வளருது” என்றார்,
பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

பிளம்பர் செவ்வாய்க்கு முன் வரமாட்டானாம்.
நான் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறவள்.
ஸ்பேனர் என்ன, கடித்தா விடும்?

ஷவர் குழாயைக் கழற்றினேன்.
சுவருக்குள்ளிருந்து இரண்டு கோணல் கழுத்துகள்,
ஒன்று சூட்டுக்கு, ஒன்று குளிருக்கு.
மரையெல்லாம் பாம்புச் சட்டைபோல் பழைய டேப்.
சுரண்டி எடுத்து, புது டேப் பன்னிரண்டு சுற்று,
இறுக்குகிற திசையிலேயே.
எதிர்த்திசையில் சுற்றினால், திருகத் திருக
உரிந்து கையோடு வந்துவிடும்.
(வந்தது. ஒரு சுருள் டேப் அப்படித்தான் தீர்ந்தது.)

இரண்டு கழுத்தும் ஒரே மட்டத்தில் நின்றால்தான்
குழாய் உட்காரும். இடதுபக்கம் கொஞ்சம் தாண்டிவிட்டது.
கால் திருப்பில் பாதிதான் இருக்கும்,
பின்னுக்கு இழுத்தேன்.

ஏற்பாடு இது:
கீழே அவர் டார்ச்சோடு நிற்பார்.
வெப்பக் குழாயில் ஒரு தட்டு என்றால் காய்ந்திருக்கிறது.
இரண்டு தட்டு என்றால் சொட்டுகிறது.

வால்வைத் திறந்தேன்.
இரண்டு.
ஏழாம் மாடியிலிருந்து யாரோ மூன்று தட்டினார்கள்.
அது வசவு.

காலையில் கலோயானின் கடை.
“டேப் ரோஷக்காரன். முன்னே போகலாம்,
மயிரிழை பின்வாங்கினால் மன்னிக்கமாட்டான்.
நாரைக் கொண்டுபோ, பொறுத்துக்கொள்ளும்.”
இரண்டு லெவாவுக்கு ஒரு கொத்து நார்,
யாரோ பெண்ணின் வெட்டிய சடைபோல.

ரம்பப் பல்லால் மரையைச் சொரசொரப்பாக்கி,
நாரைப் புரிபுரியாய் மரைக்குள் படுக்கவைத்து,
மேலே பசை. ஆளி எண்ணெய் வாசம் இன்னும் விரலில் இருக்கிறது.
குழாய்க்கு ஒழுகாதிருப்பதுதான் ஒழுக்கம் என்று
எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன்.
பார்த்தவர்கள் இவளுக்குத்தான் மரை கழன்றது என்பார்கள்.

இறுக்கினேன். தாண்டியது. பின்னுக்கு இழுத்தேன்.
திறந்தேன்.

இரண்டு தட்டு.

நார் முதலில் கொஞ்சம் குடிக்கும்,
குடித்து ஊதிய பிறகுதான் அடைக்கும்.
கலோயான் சொன்னதை நான் கீழே எப்படிச் சொல்ல?
‘பொறு’ என்பதற்கு எங்களிடம் தட்டு இல்லை.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்.
பதினொரு வருடத்துக்கு முன்
இரவில் குரைக்கிறது என்று சங்கத்துக்கு
நான் எழுதிய புகாரில் மூன்று கையெழுத்து வாங்கினேன்.
நாயை எங்கோ கொடுத்துவிட்டார்.
அதன்பின் தூக்கம் நன்றாகத்தான் வந்தது.
ஒருநாளும் கால் திருப்புகூட
நான் பின்னுக்கு வந்ததில்லை.

இரண்டு தட்டு. வெகுநேரம் கழித்து
மறுபடி இரண்டு, மெதுவாக.
பிறகு எதுவுமில்லை. தூங்கிவிட்டாரோ என்னவோ.

ஒன்று ஐம்பதுக்கு
ஒரு தட்டு.

காலையில் கதவடியில் சீட்டு:
கூரைக்குப் பெயின்ட், முப்பத்தெட்டு லெவா.
பிரஷ்ஷுக்குத் தனியாக நான்கு.
பணத்தோடு இறங்கினேன்.
அவர் எண்ணினார், இரண்டு முறை.
கதவுக்குப் பின்னால் ஆணியில்
தோல் வார் ஒன்று தொங்கியது.
“அதன் பெயர் என்ன?” என்றேன்.

வாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
நார் ஊதுகிற அளவு நேரம்.
பிறகு சொன்னார்.

என் ஷவர் குழாய் இன்னும் கொஞ்சம் கோணல்.
ஒழுகவில்லை.